எழுபதும் நாற்பதும்

பெஞ்சின் ஓரத்தில் அரை ஆள் உட்காரும் இடம்தான் ஜான்சிராணிக்குக் கிடைத்தது. மீதி இடத்தில் யாரோ தின்றுவிட்டுப் போட்ட இட்லிப் பொட்டலம் விரிந்து கிடந்தது, சட்னி காய்ந்த இலைமேல் ஒரு ஈ, ஒன்றில்லை, இரண்டு. எடுத்துப் போடலாம். எடுத்துப் போட்டால் கை நாறும். கை கழுவ அந்தக் கோடிக் குழாய்க்குப் போக வேண்டும், குழாய்க்குக் கீழே எவனோ வெற்றிலை துப்பி வைத்திருக்கிறான், அதை வரும்போதே பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது, அதுதான் அவள் பிழைப்பு. வியாழக்கிழமை வளைபாதக் குழந்தைகளின் நாள். பெரியாஸ்பத்திரி எலும்புப் பிரிவின் பின்பக்க வராந்தா எட்டு மணிக்கே நிறைந்துவிடும், பெஞ்சு நிறைந்தால் தரை, தரை நிறைந்தால் மாடிப்படி. அவள் டோக்கன் முப்பத்தொன்று. இப்போதுதான் பதினொன்றாவது குழந்தை உள்ளே போயிருக்கிறது. ஃபினாயில் வாடை, பால் கக்கிய துணியின் வாடை, மாவுக்கட்டுப் போடுகிற அறையிலிருந்து வருகிற ஈரச் சுண்ணாம்பு வாடை. இந்தக் கடைசி வாடை இரண்டே முக்கால் வருஷமாக அவள் மூக்கை விட்டுப் போகவில்லை, கம்பெனியில் பசை வாடைக்கு நடுவிலும் திடீரென்று வரும். எதிரே தரையில் சுவரில் சாய்ந்து அவள் நாத்தனார் தேன்மொழி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஜான்சியின் மகள் லச்சு. லச்சு அத்தையின் வளையலைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். தேன்மொழி காலையிலிருந்து ஜான்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகிறாள், யாருக்கு நஷ்டம்.

ஒன்பது வருஷமாக ஜான்சிக்கு ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங் வேலை. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு, பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜோடியும் அவள் கைக்கு வரும். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, குதியோடு குதி வைத்து ஒரு பார்வை, மூக்கோடு மூக்கு வைத்து ஒரு பார்வை, திருப்பி அடிப்பாகம் ஒரு பார்வை. இரண்டும் ஒன்றுபோல நிற்க வேண்டும். ஒன்று நேராக நின்று இன்னொன்று ஒரு நூல் சாய்ந்தால் போதும், சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்துக் குறை இருக்கும் இடத்தில் ஒட்டி அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். ஒரு ஜோடிக்கு ஆறு விநாடி. அவள் கண்ணுக்குத் தப்பிய குறை கிடையாது என்று சூப்பர்வைசரே ஆள் வரும்போதெல்லாம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார். பெருமை இருக்கட்டும், அந்தக் கண்ணைக் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடிந்தால் நன்றாக இருக்கும். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளின் ஜாக்கெட்டில் ஒரு கை தையல் கோணல். கோயிலில் அம்மன் கழுத்து மாலை ஒரு பக்கம் நீளம். இந்த வராந்தாவில் எதிலிருந்து ஆரம்பிப்பது. அந்த ஆள் மூக்கைச் சிந்தி பெஞ்சுக்கு அடியில் தடவுகிறான். அந்தப் பெண் பிள்ளையின் காலில் மாட்டியிருக்கும் சாக்ஸ் துவைத்து ஒரு மாதம் இருக்கும், ஊதா என்று வாங்கியது இப்போது என்ன நிறம் என்று சொல்ல ஆளில்லை. சாக்ஸைத் துவைக்கக் கூட முடியாதவள் பிரேஸை எங்கே ஒழுங்காகப் போட்டிருக்கப் போகிறாள். தூ.

பிரேஸ் விஷயத்தில் ஜான்சியை ஒரு குறை சொல்ல முடியாது. அதைத்தான் காலையிலும் சொன்னாள். லச்சு பிறந்த பத்தாம் நாள் முதல் மாவுக்கட்டு, வாரம் ஒன்றாக ஆறு கட்டு, அதன்பிறகு குதிகால் நரம்பில் சின்னதாக ஒரு வெட்டு, அப்புறம் இந்த பிரேஸ், ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு குட்டி ஷூ. முதல் மூன்று மாதம் குளிக்கிற நேரம் தவிர நாள் முழுக்க, அதன்பிறகு ராத்திரித் தூக்கத்துக்கும் பகல் தூக்கத்துக்கும், நாலு வயசு முடிந்து அஞ்சு ஆகிறவரை. அஞ்சு வயசு வரைக்குமா என்று கேட்டு வாயைப் பிளந்தவர்கள் எத்தனை பேர். காலு நேராயிடுச்சே, இன்னும் எதுக்கு விலங்கு என்று தெருவே கேட்டது. ஜான்சி யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஜுரம் வந்தபோதும் போட்டாள், திருவிழாவுக்கு மாமியார் ஊருக்குப் போனபோதும் பையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டாள், ஓசூரிலிருந்து வாரம் ஒரு நாள் வரும் புருஷன் ஏழுமலை, இன்னிக்கி ஒரு ராத்திரி விட்டுடேன், கொழந்த என் மேல கால் போட்டுகினு தூங்கட்டும் என்று கெஞ்சினபோதும் போட்டாள். ஒரு ராத்திரிகூட விட்டதில்லை. அப்படியிருந்தும் போன மாதம் குளித்துவிட்டு ஈரக் காலோடு லச்சு ஓடினபோது, சிமெண்டுத் தரையில் வலது பாதம் முழுசாக விழுந்தது, இடது பாதம் வெளியோரம் மட்டும் விழுந்தது. ஜான்சி சோப்புக் கையோடு அப்படியே நின்றாள். அப்புறம் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இடது செருப்பின் வெளிக்குதி தேய்ந்திருந்தது, உள்குதியில் கடையில் வாங்கின வரி அப்படியே இருந்தது. குறை எங்கே என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். கால் திரும்புகிறது. திரும்பி உள்ளே வளைகிறது, பழையபடி.

யாரால் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு விநாடிகூட ஆகவில்லை. குழந்தைக்கு பிரேஸ் மாட்டுகிற கைகள் இரண்டு பேருடையவை. ராத்திரி ஜான்சியின் கை, பகலில் தேன்மொழியின் கை. ராத்திரியில் குறை இல்லை. அப்படியென்றால் பகலில். தேன்மொழி கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு வருஷத்திலேயே திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருக்கிறாள், முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டே குழந்தையையும் பார்த்துக்கொள்கிறாள். இன்று விடிகாலையில் கிளம்பும்போது ஜான்சி கேட்டாள். "மெய்யா சொல்லு தேனு, மத்தியானத்துல கழட்டி வுட்டுட்டுதானே பீடி சுத்திகினு இருந்த?" தேன்மொழி சத்தியம் பண்ணினாள். "இல்ல அண்ணி, ஒரு நாள்கூட கழட்டல, அவ மேல சத்தியமா." குழந்தை மேல் சத்தியம் பண்ணினதுதான் ஜான்சிக்குப் பொறுக்கவில்லை. "துன்ற சோத்துக்காவது உண்மையா இருக்கத் தெரியலியா ஒனக்கு" என்று சொல்லிவிட்டாள். தேன்மொழி முறத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள், முகத்தைக் கழுவினாள், லச்சுவுக்குத் தலை வாரினாள், பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் விரலிடுக்கில் புகையிலைத் தூள் எப்போதும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த விரலால்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள். அதையும் ஜான்சி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"எந்தூரு நீங்க?" என்று பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் ஒருத்தி. இட்லிப் பொட்டலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், ஈ இரண்டும் எழுந்து போயின. பேர் புஷ்பா, திருப்பத்தூர்ப் பக்கம், மகனுக்கு நாலரை வயசு, அதோ படியில் குதிக்கிறானே அவன்தான் என்றாள். அவள் வாயில் வெங்காய வாடை. ஜான்சி முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, கால் திரும்புகிறது என்று சொன்னாள். ஏன் சொன்னாளோ. "திரும்பிச்சா? அப்ப உள்ள போயி போட்டோம்னு சொல்லாதீங்க" என்று புஷ்பா குரலைத் தாழ்த்தினாள். "போடலன்னு சொல்லிடுங்க. திட்டுவாரு, நல்லா வாய்க்கு வந்தபடி திட்டுவாரு, வாங்கிக்கலாம். திட்டிட்டு மறுபடி மாவுக்கட்டு போட்டு அனுப்பிடுவாரு. ஒழுங்கா போட்டோம், அப்பவும் திரும்பிச்சின்னா, இது வேற மாதிரி காலுன்னு கத்திக்கு எழுதிடுவாரு. எங்க பக்கத்து ஊட்டுப் பொண்ணுக்கு அப்படித்தான், நரம்ப இந்தப் பக்கத்துலருந்து எடுத்து அந்தப் பக்கம் வெச்சித் தெச்சாங்க." எதிரே தேன்மொழி தலையைத் தூக்கினாள், பிறகு குனிந்துகொண்டாள். உங்க பையனுக்குப் போடுவீங்களா என்று ஜான்சி கேட்டதற்கு புஷ்பா வெட்கமே இல்லாமல் சிரித்தாள். "வருஷம் ஒண்ணு போட்டேன். அப்புறம் எங்க. அதுக்குன்னு இங்க வந்து போடலன்னா சொல்ல முடியும், தினம் போட்றோம் சார்னு சொல்லுவேன், அவன் காலு ஏதோ நின்னுபூட்சி." நின்றுவிட்டது. போடாதவள் பிள்ளைக்கு நின்றுவிட்டது, படியில் குதிக்கிறது. ஒரு ராத்திரி விடாதவளின் பிள்ளைக்குத் திரும்புகிறது. ஜான்சிக்கு வாயில் கசப்பு ஊறியது. இந்த வெங்காய வாய்க்காரி, இந்தப் பொய், இந்தச் சிரிப்பு, எல்லாவற்றையும் ஒரு துணியில் துடைத்து எறிய வேண்டும்போல் இருந்தது. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்றாள். புஷ்பா தோளைக் குலுக்கிவிட்டு மகனைக் கூப்பிடப் போனாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லை. அது சரியா. லச்சு பிறந்த அன்று நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினபோது ஜான்சி என்ன சொன்னாள். பரவாயில்லை, குழந்தை நல்லா இருக்குல்ல, அது போதும் என்றாள். உள்ளே என்ன வந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். வலது கால் சரியாக இருந்தது, இடது பாதம் உள்ளே மடிந்து, குதி மேலே ஏறி, உள்ளங்கால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரியாக இழுத்து மாட்டாத ஷூ அச்சிலிருந்து கோணிக்கொண்டு வருமே, தள்ளு என்று கை தானாகப் போகுமே, கை போனது. பெற்று ஒரு மணிநேரம் ஆகாத பிள்ளையை அவள் கை தள்ளப் போனது. போய், துணியை இழுத்து மூடிவிட்டுத் திரும்பி வந்தது. மூடினதை எல்லாரும் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஊர் வந்தது. கிரகணத்தன்னிக்கி என்ன பண்ணே, காய் அரிஞ்சியா, ஊசி எடுத்தியா, கால நீட்டிப் படுத்தியா. கிரகணத்தன்று அவள் கம்பெனியில் எழுநூறு ஜோடி பார்த்துக்கொண்டிருந்தாள், அதைச் சொன்னால் அதுதான் காரணம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். வாரா வாரம் மாவுக்கட்டு. பழைய கட்டை ஊறவைத்து உரிக்கும்போது உள்ளேயிருந்து வரும் தோல், வெள்ளை வெள்ளையாகப் பிசுபிசுவென்று, புளித்த பால் வாடை. புதுக்கட்டுப் போடும்போது யாராவது ஒருத்தர் குழந்தையின் விரல்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பாதம் அசையாமல். அம்மா பிடிங்க என்பார்கள். ஆறு வாரமும் தேன்மொழிதான் பிடித்தாள். ஜான்சி சுவரில் ஒட்டியிருந்த சத்துணவுப் படத்தில் கேரட்டையும் முருங்கைக்கீரையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பயமா அண்ணி என்று தேன்மொழி கேட்டபோது ஆமாம் என்றாள். அதுவும் பொய். பயமில்லை. குமட்டல்.

வாசல் பக்கமிருந்து ஒரு சின்ன வயசு ஆள் கைக்குழந்தையோடு வந்தான். பிரேஸ் பொருத்தும் அறையிலிருந்து வருகிறான், முகத்திலேயே தெரிந்தது, உடையும் பொருளைத் தூக்கி வருகிறவன் மாதிரி நடந்தான். பெண்டாட்டி பின்னால் பையோடு. குழந்தைக்கு நாலு மாதம் இருக்கலாம், காலில் புத்தம் புது பிரேஸ், தோல் வாடைகூட வருகிறது. புஷ்பா விட்டுப்போன இடத்தில் அவன் உட்கார்ந்தான், குழந்தையை மடியில் மல்லாத்தினான். ஜான்சியின் கண் போகிற இடத்துக்குப் போனது. குதிப் பட்டை சரி, தையல் சுமார், கம்பி நேர், ஷூ இரண்டும், ஐயோ, ஷூ இரண்டும் ஒன்றுபோல இல்லை. வலது ஷூ நன்றாக வெளியே திரும்பி நிற்கிறது, இடது ஷூ பாதிதான் திரும்பியிருக்கிறது. அதே தப்பு. பத்து மாதத்துக்கு முன்னால் லச்சுவுக்குப் பெரிய சைஸ் மாற்றிக் கொடுத்தபோதும் இதே தப்புத்தான் பண்ணியிருந்தார்கள், இன்னும் திருந்தவில்லை, சும்மா கொடுக்கிறோம் என்கிற அலட்சியம். "தம்பி, இங்க பாருங்க" என்றாள். "ஜோடி சேராம மாட்டிக் குட்த்துருக்காங்க. ஒண்ணு அதிகமா திரும்பிக்கீது, ஒண்ணு கம்மியா. எங்குளுதும் இப்படித்தான் இருந்திச்சி, நானே சரி பண்ணேன். இருங்க, எங்கிட்ட அலன் கீ இருக்குது, ரெண்டு நிமிஷம்." பைக்குள் கைவிட்டு, திருகாணி முடுக்கும் அந்த வளைந்த சாவியை எடுத்தும்விட்டாள். குழந்தையின் கால் பக்கம் குனிந்தும்விட்டாள். அந்த ஆள் கம்பியின் மேல் கையை வைத்து மூடினான். "இல்லக்கா, வேணாம், தொடாதீங்க. அது தப்பில்ல. அப்படித்தான் வெக்கணுமாம். வளஞ்ச காலு எழுபது டிகிரி, நல்ல காலு நாப்பது. இதோ, பேனாவால கோடு போட்டுக் குட்த்துருக்காரு பாருங்க. திருகாணி லூஸ் ஆச்சின்னா இந்தக் கோட்டுக்கு நேரா வெச்சி முடுக்கணும், கோடு அழியாம பாத்துக்கணும்னு மூணு வாட்டி சொன்னாரு." கம்பியின் முனையில் நீல மையில் இரண்டு சின்னக் கோடு இருந்தது. ஒன்றின் பக்கத்தில் எழுபது, ஒன்றின் பக்கத்தில் நாற்பது.

அலன் கீ கையிலேயே இருந்தது. ஜான்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சரி தம்பி, நான் வேற நெனச்சேன் என்றோ என்னவோ சொன்னாள், அவன் பெண்டாட்டி குழந்தையைச் சட்டென்று தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். கோடு. லச்சுவின் கம்பியிலும் கோடு இருந்தது. மை என்று நினைத்தாள், கறை. கறையோடு ஒரு சாமான் அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. கம்பெனியிலிருந்து சின்ன பாட்டிலில் கொண்டுவந்த, பசை துடைக்கிற தின்னரைப் பஞ்சில் நனைத்து ஒரே இழுப்பில் துடைத்தாள், பளிச்சென்று போயிற்று, ஏழுமலைக்குக்கூடக் காட்டினாள். பிரேஸ் கொடுத்த அன்று அந்தப் பொருத்துகிற ஆள் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தான். மூன்று முறை சொல்லியிருப்பான். அவள் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூவின் நாக்கில் ஒரு தையல் ஓடிப் போயிருந்தது, இதெல்லாம் ஒரு வேலையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, ம் ம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். முதல் பிரேஸும் இப்படித்தான் இருந்திருக்கும், அப்போது அவள் கண்ணில் படவில்லை, அப்போது அழுகைதான் காதில் நின்றது. இரண்டாவதைக் கண்ணால் பார்த்தாள், கண் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் வைத்துத் திருகாணியைத் தளர்த்தி, எழுபதில் இருந்ததை இழுத்து நாற்பதுக்குக் கொண்டுவந்து, இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, முடுக்கினாள். அழகாக இருந்தது. அன்று ராத்திரி லச்சு அழவில்லை. புது பிரேஸ் போட்டால் ஒரு வாரம் அழும் என்று பயமுறுத்தியிருந்தார்கள், குழந்தை முதல் நாளே தூங்கிவிட்டது. பார்த்தியா தேனு, அவங்க தப்பா மாட்டறதாலதான் கொழந்தைங்க அழுவுது என்று தேன்மொழியிடம் சொன்னாளே. சிரித்தாளே. இழுத்துப் பிடிக்க வேண்டியது பிடிக்காமல் விட்டது, அதனால் வலிக்கவில்லை, வலிக்காததால் தூங்கியது. முந்நூறு ராத்திரி. ஒரு ராத்திரி விடாமல், ஜுரத்திலும் விடாமல், புருஷன் கெஞ்சியும் விடாமல், குழந்தையின் கால் மெல்ல மெல்ல வளைவதற்கு அவளே பட்டை கட்டி பக்கிள் போட்டு முத்தம் கொடுத்துப் படுக்கவைத்தாள். நடுவில் ஒருமுறை வந்தபோது காலைத்தான் பார்த்தார்கள், நல்லா இருக்கு என்று நோட்டில் எழுதினார்கள், பிரேஸைப் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லவில்லை. அடுத்தமுறை ஏற்றுமதி ஆர்டர் என்று லீவு தரவில்லை, வரவில்லை. போடாத புஷ்பாவின் மேல் காறித் துப்ப நினைத்தாளே, அந்த எச்சில் இப்போது எங்கே போகும். இன்னும் ரெண்டு நிமிஷம் அந்த ஆள் கையை வைத்து மூடாமல் இருந்திருந்தால் இன்னொரு பிள்ளைக்கும் சரி பண்ணிக் கொடுத்திருப்பாள், நன்றிகூட வாங்கியிருப்பாள். கையைப் பார்த்தாள். கழுவ வேண்டும்போல் இருந்தது. எதைக் கழுவுவது. எதிரே லச்சு அத்தையின் வளையலைத் தன் இடது காலில் மாட்டிக்கொண்டு, அது நிற்காமல் நழுவுவதைப் பார்த்துச் சிரித்தாள். தேன்மொழி மறுபடி மாட்டிவிட்டாள். புகையிலைத் தூள் ஒட்டிய அந்த விரல். துன்ற சோத்துக்காவது. சொன்னது ஜான்சியின் வாய்தான், வேறு யாருடையதும் இல்லை.

சொல்லிவிடலாமா. தேனு, நீ இல்ல, நான்தான் என்று இப்போதே, இந்த இடத்திலேயே. ஒன்பது வருஷமாகக் குறை கண்டுபிடித்த நாக்கு, ஒட்டிக்கொண்டது. சொன்னால் ஏழுமலைக்குப் போகும், தெருவுக்குப் போகும், கம்பெனிக்குப் போகும். செக்கிங்காரி பெத்த புள்ள காலையே கோணலாக்கிட்டாளாம். சொல்லாமலே சரிசெய்ய வழி இல்லையா என்று மனசு ஓடியது. பிரேஸைத் திரும்ப எழுபதுக்கு வைத்துவிடலாம், கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் வைத்துவிடலாம், சாவி கையிலேயே இருக்கிறது. வைத்துவிட்டு உள்ளே போய், தினம் போட்டோம் என்று சொன்னால் கத்தி. போடவில்லை என்று சொன்னால் மாவுக்கட்டு. புஷ்பா சொன்னது. பொய் சொன்னால் கால் பிழைக்கும், மானமும் பிழைக்கும். இவ்வளவு சீக்கிரம் கணக்குப் போடுகிறதே இந்த மனசு, இது எந்தச் சாக்கடையில் ஊறிக் கிடந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள். குழாய்க்குக் கீழே அந்த வெற்றிலைச் சிவப்பு அப்படியே இருந்தது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று கூப்பிட்டார்கள்.

உள்ளே டாக்டர் தலை நரைத்தவர், காலையிலிருந்து முப்பது காலைப் பிடித்துச் சலித்திருந்தார். லச்சுவை நடக்கச் சொன்னார், நடந்தாள். மேசையில் படுக்கவைத்து இடது பாதத்தை வெளியே தள்ளிப் பார்த்தார், குதியை அழுத்திப் பார்த்தார், நோட்டைத் திருப்பினார். "திரும்புதும்மா. பிரேஸ் போடறீங்களா?" ஜான்சி லச்சுவின் கவுனை முழங்காலுக்கு இழுத்துவிட்டாள். "கேக்கறேன்ல. எல்லாரும் போடறேன்னுதான் சொல்றீங்க. உண்மையைச் சொன்னாத்தான் நான் என்ன பண்ணணும்னு முடிவு பண்ண முடியும். ஒழுங்கா போட்டும் திரும்புதுன்னா நரம்பை இடம் மாத்துற ஆபரேஷனைப் பத்தி யோசிக்கணும். போடாம விட்டதால திரும்புதுன்னா முதல்ல மாவுக்கட்டு, மறுபடி பிரேஸ். எது?" பின்னாலிருந்து தேன்மொழியின் குரல் வந்தது. "நான்தான் சார் போடல. எங்கண்ணி ராத்திரில ஒழுங்கா போட்டுடுவாங்க. பகல்ல நான்தான் பாத்துக்கறேன். பீடி சுத்தற அவசரத்துல கழட்டி வுட்டுடுவேன். அவங்களுக்குத் தெரியாது சார்." அவள் குழந்தையின் காலைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னாள். டாக்டர் பெருமூச்சு விட்டார், பேனாவை எடுத்தார், படிச்சிப் படிச்சிச் சொன்னாலும் இப்படித்தான் என்று ஆரம்பித்தார்.

அந்தப் பொய்யில் ஒரு குறை இல்லை. ஜான்சி அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். காலையில் அவளே சொன்ன வார்த்தைகள், அப்படியே, தையல் பிரியாமல். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா நின்றால் போதும். கத்தி இல்லை, மாவுக்கட்டுத்தான், வீட்டில் பிரேஸை எழுபதுக்கு வைத்துக்கொள்ளலாம், தேன்மொழியை நாலு நாள் கழித்து மன்னித்தும்விடலாம். மன்னித்து. யார் யாரை. டாக்டர் பேனா நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டது. ஜான்சி பையைத் திறந்து பிரேஸை எடுத்து அந்த நோட்டின் மேலேயே வைத்தாள். "அவ கழட்டல சார். பொய் சொல்றா. பகல்லயும் போட்டா, ராத்திரிலயும் போட்டோம், ஒரு நாளும் வுடல. இதப் பாருங்க. எழுபதுல இருந்திச்சி. நான்தான் திருகி நாப்பதுக்குக் கொண்டாந்தேன். கோட்டையும் நான்தான் அழிச்சேன்." டாக்டர் பிரேஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருகாணியை விரலால் தொட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை. "எவ்வளவு நாளா?" "பத்து மாசம்." "யாரும்மா மாத்தச் சொன்னது?" "யாரும் சொல்லல." "அப்புறம் ஏன்?" ஜான்சி சொன்னாள், "எனக்குப் பாக்க சகிக்கல சார்." சொன்ன பிறகு அவளுக்கே கேட்டது, எதைச் சொன்னோம் என்று. பிரேஸையா. மேசைமேல் லச்சு படுத்துக்கொண்டு இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டிருந்தாள், ஒன்று நேராக, ஒன்று உள்ளே மடங்கி. டாக்டர் பிரேஸை ஓரமாக வைத்தார். பிறகு எழுதின இரண்டு வரியை அடித்தார். "மாவுக்கட்டு போட்டுப் பாக்கலாம். நாலு வாரமோ அஞ்சு வாரமோ. அதுக்கப்புறம் பிரேஸ், முதல்லேர்ந்து. அஞ்சு வயசு ஆகறவரைக்கும் ஒரு நாள் குறையக் கூடாது. கோணத்தை நாங்க வைப்போம், நீங்க தொடக் கூடாது. புரிஞ்சுதா?" புரிந்தது என்று தலையாட்டினாள். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுத்தான் ஆட்டினாள்.

மாவுக்கட்டு அறையில் அதே வாளி, அதே ஈரம், மூலையில் உரித்துப்போட்ட பழைய கட்டுகளின் குவியல், அதிலிருந்து அதே புளித்த பால் வாடை. சத்துணவுப் படம் வெயிலில் வெளுத்திருந்தது, கேரட் மஞ்சளாகிவிட்டது. தேன்மொழி இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏண்டி அப்படிச் சொன்ன என்று வரும் வழியில் கேட்டதற்கு, கத்தி வெக்கறன்னாங்களே என்று மட்டும் சொன்னாள், சொல்லிவிட்டு லச்சுவின் மூக்கைத் துடைத்தாள். காலையில் சொன்னதற்கு ஜான்சி என்ன சொல்லி ஈடுகட்ட முடியும், பக்கத்தில் நடந்து வந்தாள். கட்டுப் போடுகிறவர் துணிச்சுருளைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார். யாராவது ஒருத்தர் வெரல புடிங்க, காலு அசையக் கூடாது என்றார். தேன்மொழி பழக்கத்தில் முன்னால் வந்தாள். ஜான்சி அவளுக்கு முன்னால் கையை நீட்டினாள். பாதம் வெதுவெதுப்பாக, கொஞ்சம் வியர்த்து, விரலிடுக்கில் வராந்தா அழுக்கோடு இருந்தது. லச்சு வீலென்று கத்தினாள். மாவு ஜான்சியின் மணிக்கட்டில் சொட்டியது, புறங்கையில் வழிந்தது, வாடை மூக்குக்குள் ஏறியது. அவள் விரலை விடவில்லை. படத்தைப் பார்க்கவும் இல்லை. கடைசிச் சுற்று முடிகிறவரை காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.